வீடு கிரயமாச்சு... குடித்தனம் காலியாகலே!

செங்கல்பட்டு மாடி வீட்டில் வாங்கியவரும் இருந்தவரும் – சட்டம் யார் பக்கம்?

பத்திரம் ரிஜிஸ்தர் ஆகிவிட்டது. பணம் பைசா பாக்கியில்லாமல் கைமாறிவிட்டது. வாங்கியவர் பெயரில் வீடு. வீட்டுக்குள்ளே வேறொருவர் பெயரில் ரேஷன் கார்டு!

செங்கல்பட்டில் ஒரு மாடி வீடு. காலம் 1980-களின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு எண் தேட வேண்டாம். அந்த நாளில் செங்கல்பட்டு கோர்ட்டு வராந்தாவில் அரை மணி நேரம் நின்றிருந்தால், ஆளுக்கு ஆள் பெயரை மாற்றி இதே கதையைத்தான் சொல்லியிருப்பார்கள்.

கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். தனித்தனி வாசல், கிணறு மட்டும் பொது. மொட்டை மாடியில் நின்றால் கொளவாய் ஏரிக் காற்று. மேலே வீட்டுக்காரர் – ரிடையர்டு வாத்தியார். கீழே குடித்தனம் – மளிகை மண்டியில் கணக்கு எழுதுபவர், மனைவி, 3 பிள்ளைகள், நடமாட முடியாத தாயார். குடிவந்து 14 வருஷம். வாடகை மாதம் 175 ரூபாய்.

வாத்தியாரின் மகனுக்குப் பம்பாயில் வேலை. "தனியா ஏன் கெடக்கறீங்க, இங்கேயே வந்துடுங்கப்பா" என்று கடிதம் மேல் கடிதம். வாத்தியார் வீட்டை விலை பேசினார்.

வாங்க வந்தவர் தினமும் ரயிலேறி சென்னைக்குப் போய்வரும் ஆபீஸ் குமாஸ்தா. அதே ஊரில் வாடகை வீட்டில் காலம் தள்ளியவர். பி.எப். லோன், மனைவியின் நகை, கிராமத்து நிலத்தில் வந்த பங்கு – எல்லாவற்றையும் வழித்துப் போட்டார். கீழ் வீட்டைப் பற்றிக் கேட்டபோது புரோக்கர் சொன்னது ஒரே வரி.

"தங்கமான மனுஷன் சார் அவரு. ஒரு வார்த்தை சொன்னா போதும், அடுத்த மாசமே காலி பண்ணிடுவாரு!"

பத்திரம் முடிந்தது. குமாஸ்தா ஒரு வார்த்தை சொன்னார். கணக்கப்பிள்ளை கைகூப்பினார்.

"நான் எங்கே சார் போவேன்? 175 ரூபாய்க்கு இந்த ஊர்லே மாட்டுக் கொட்டகை கூடக் கிடைக்காதே! அம்மாவை வேற தூக்கிக்கிட்டுப் போகணும்..."

இரண்டு பேர் சொன்னதிலும் பொய் கிடையாது. அங்கேதான் சிக்கல்!

விற்பதற்காகக் காலி செய்யச் சொல்ல முடியாது

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. 1960-ம் ஆண்டு தமிழ்நாடு கட்டிடங்கள் (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டத்தில், "வீட்டை விற்கப் போகிறேன், காலி செய்" என்று சொல்ல வழியே இல்லை.

யுத்த காலத்தில், 1941-ல், சென்னை ராஜதானியில் வந்தது முதல் வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு. பிறகு 1946, 1949-ம் ஆண்டுச் சட்டங்கள். அவற்றின் வாரிசுதான் 1960-ம் ஆண்டுச் சட்டம். குடித்தனக்காரரை வெளியேற்ற என்னென்ன காரணம் சொல்லலாம் என்று அது பட்டியல் போட்டது. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தால், உள்வாடகைக்கு விட்டால், குடியிருக்க எடுத்த இடத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால், கட்டிடத்தைப் பாழாக்கினால், அக்கம்பக்கத்துக்குத் தொல்லை கொடுத்தால், வீட்டுக்காரருக்கே குடியிருக்கத் தேவைப்பட்டால், இடித்துக் கட்ட வேண்டியிருந்தால்... இப்படிப் போகும். அந்தப் பட்டியலில் விற்பனை என்ற சொல் கிடையாது.

சரி, "எனக்கே வேண்டும்" என்று வாத்தியார் மனு போட்டிருக்கலாமே என்பீர்கள். பம்பாய்க்கு டிக்கெட் எடுத்துவிட்டவர் செங்கல்பட்டில் குடியிருக்க வீடு கேட்டால் யார் நம்புவார்கள்? தேவை உண்மையானது என்று வாடகை கண்ட்ரோலருக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். வெளியூர் தாலுகாக்களில் ஜில்லா முனிசீப்தான் வாடகை கண்ட்ரோலர். அவர் முன்னால் அந்தப் பேச்சு எடுபடாது.

ஆக, விற்பவருக்கு உரிமை உண்டு, காரணம் கிடையாது. வாங்குபவருக்குக் காரணம் உண்டு, உரிமை கிடையாது – பத்திரம் முடியும் வரை! முதலில் பணத்தைக் கட்டு, வீட்டுக்காரன் ஆகு, பிறகு மனு போடு என்பதுதான் சட்டத்தின் ஏற்பாடு. ஜெயிப்போமா தோற்போமா என்று தெரியாமலே ஆயுள் சேமிப்பை மேஜை மேல் வைக்க வேண்டும். சூதாட்டத்தில்கூட அவ்வளவு துணிச்சல் வேண்டியதில்லை.

இதனாலேயே ஆள் உள்ள வீட்டுக்கு ஒரு விலை, காலி வீட்டுக்கு ஒரு விலை என்று ஆனது. அடுத்தடுத்த இரண்டு வீடுகள், ஒரே அளவு மனை, ஒரே மேஸ்திரி கட்டியது – இருந்தாலும் விலை வேறு. உள்ளே அடுப்பு எரிகிறதா என்பதைப் பார்த்துத்தான் புரோக்கர் விலை சொன்னார்.

மூன்று மாதம் பொறு!

குமாஸ்தா வக்கீலைப் பார்த்தார். வக்கீல் முதலில் கேட்டது பத்திரத்தின் தேதியை.

குடித்தனம் இருக்கும்போது வீட்டைக் கிரயம் வாங்கியவர், பத்திரம் பதிவான நாளிலிருந்து 3 மாதம் கழியாமல் "எனக்குக் குடியிருக்க வேண்டும்" என்று மனு போட முடியாது என்றது 1960-ம் ஆண்டுச் சட்டம். ஆள் இருப்பதால் சல்லிசாகக் கிடைக்கும் வீட்டை வாங்கிப்போட்டு, மறுநாளே குடித்தனத்தைத் தெருவில் நிறுத்தும் வியாபாரத்துக்குப் போட்ட முட்டுக்கட்டை இது.

மூன்று மாதம் என்பது உண்மையில் ரொம்பச் சலுகைதான். கேரளத்தின் 1965-ம் ஆண்டுச் சட்டத்தில் இந்தக் காத்திருப்பு 1 வருஷம். உத்தரப்பிரதேசத்தின் 1972-ம் ஆண்டுச் சட்டம் 3 வருஷம் போட்டது. அதற்கு மேல் 6 மாத நோட்டீசும் கேட்டது. டெல்லியின் 1958-ம் ஆண்டுச் சட்டத்தில் 5 வருஷம்! இங்கிலாந்தில் இன்னும் மோசம். அங்கே 1977-ம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஆள் குடியிருக்கும் வீட்டைத் தெரிந்தே விலைக்கு வாங்கியவர், சொந்தக் குடியிருப்புக்கு என்று கேட்கும் வழியையே இழந்துவிடுவார். "ஆள் இருப்பது தெரிந்துதானே வாங்கினாய்?" என்பது வெள்ளைக்காரன் வாதம்.

அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் செங்கல்பட்டு குமாஸ்தா கொடுத்து வைத்தவர். ஆனால் அவருக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. அதே ஊரில் அவரோ அவர் குடும்பத்தாரோ சொந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது. குடும்பத்தார் என்றால் யார் யார்? மனைவி அல்லது கணவன், மகன், மகள், பேரப்பிள்ளை, அண்டியிருக்கும் தாய் தகப்பன். தம்பிக்கு வேண்டும், மாப்பிள்ளைக்கு வேண்டும் என்று கேட்டால் செல்லாது. நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளைதான் முதல் ஆள். வாடகைச் சட்டத்தில் அவருக்கு இடமே இல்லை!

மாடி ஏறியதும் மாறிய சட்டம்

இனிமேல்தான் விஷயமே. தனி வீடு வாங்கியவருக்கு இல்லாத ஒரு சங்கடம், கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன் உள்ள வீட்டை வாங்கியவருக்கு உண்டு.

வாத்தியார் மேல் போர்ஷனைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டார். குமாஸ்தா நல்ல நாள் பார்த்தார். பால் காய்ச்சினார். மாடியில் குடியேறிவிட்டார். இரண்டு இடத்துக்கு வாடகை எதற்கு என்பது அவர் நியாயம். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாரைக் கேட்டு சார் மாடியிலே குடி போனீங்க?"

"என் வீட்டுக்குப் போக நான் யாரைக் கேக்கணும்?"

"அதான் சார் சங்கடம். உங்க வீட்டிலே நீங்க இருக்கீங்களே!"

புரிகிறதா? சொந்த வீட்டில் குடியிருக்காதவர்தான் "எனக்குக் குடியிருக்க வீடு வேண்டும்" என்று கேட்கலாம். மாடியில் ஏறிய அன்றே குமாஸ்தா சொந்த வீட்டுக்காரராக ஆகிவிட்டார். இனி கீழ் வீட்டைக் கேட்டால் அது "கூடுதல் இடம்" கேட்பதாகும். அதற்குச் சட்டத்தில் தனிப் பிரிவு. அந்தப் பிரிவில் ஒரு தராசு தொங்குகிறது.

சாதாரணமாக வீட்டுக்காரரின் தேவை நிஜமானதுதானா என்று மட்டும் பார்ப்பார்கள். கூடுதல் இடம் கேட்கும்போது அது போதாது. வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் சௌகரியத்தை ஒரு தட்டிலும், குடித்தனக்காரர் படப்போகும் கஷ்டத்தை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுக்க வேண்டும். கஷ்டத்தின் தட்டு தாழ்ந்தால் மனு தள்ளுபடி!

குமாஸ்தா தட்டில் என்ன இருந்தது? வளர்ந்த பெண் பிள்ளைகள். மாடிப்படி ஏற முடியாத தகப்பனார். இரண்டே அறை. கணக்கப்பிள்ளை தட்டில்? 14 வருஷக் குடித்தனம். நடக்கும் தூரத்தில் பள்ளிக்கூடம். அந்தச் சம்பளத்துக்கு வேறு வீடு கிடைக்காத நிலை. படுத்த படுக்கையான தாயார். முனிசீப் எந்தப் பக்கம் சாய்வார் என்று அடித்துச் சொல்ல எந்த வக்கீலும் துணியமாட்டார்.

அப்படியானால் மாடி ஏறாமல் வாடகை வீட்டிலேயே இருந்திருந்தால் ஜெயித்திருப்பாரா? அதுவும் சந்தேகம்தான். "மேலே உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. கீழே ஆள் இருக்கும் இடம்தான் வேண்டுமா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார். இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் குளம்!

கீழும் மேலும் தனித்தனியாக வாடகைக்கு விடும் போர்ஷன்களாயிற்றே, அவை தனித்தனிக் கட்டிடம்தானே என்றும் வாதம் நடந்தது. வாடகைக்கு விட்ட பகுதியையே "கட்டிடம்" என்று சட்டம் சொல்லியிருந்ததால் வந்த குழப்பம் இது. 1987-ல் பாலகணேசன் மெட்டல்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவுபடுத்தியது. ஒரு கட்டிடத்தின் ஒரு பகுதியில் இருக்கும் வீட்டுக்காரர், வாடகைக்கு விட்ட இன்னொரு பகுதியைக் கூடுதல் இடமாகக் கேட்கலாம்; அது தனிப் போர்ஷன் என்பது தடையாகாது. கேட்கும் வாசல் திறந்தது. ஆனால் வாசலில் அந்தத் தராசு தொங்கிக்கொண்டேதான் இருந்தது.

வாடகை யார் கையில்?

வீட்டுக்காரர் மாறியதும் குடித்தனக்காரருக்கு முதல் தலைவலி வாடகைதான். வாத்தியார் பம்பாய் போய்விட்டார். மாடியில் இருப்பவர் "நான்தான் இனிமே" என்கிறார். காகிதம் ஒன்றும் காட்டவில்லை. யாரிடம் கொடுப்பது?

சொத்து மாற்றச் சட்டம் இதற்கு விடை வைத்திருக்கிறது. வாங்கியவருக்குப் பழைய வீட்டுக்காரரின் உரிமைகள் எல்லாம் தானாகவே வந்து சேரும். குடித்தனக்காரர் சம்மதக் கையெழுத்து போட வேண்டியதில்லை. ஆனால் விற்பனை நடந்தது தெரியாமல் பழைய வீட்டுக்காரரிடம் நல்லெண்ணத்தோடு வாடகை கொடுத்திருந்தால், புதியவர் அதை மறுபடி கேட்க முடியாது. விற்பனைக்கு முன்னாலிருந்த வாடகைப் பாக்கியும் வாங்கியவருக்குத் தானாக வந்துவிடாது.

விவரம் தெரிந்தவர்கள் பத்திரம் முடிந்த அன்றே விற்பவரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுவார்கள். "வீட்டை இன்னாருக்குக் கிரயம் செய்துவிட்டேன், இனி வாடகையை அவரிடம் கொடுக்கவும், உங்கள் அட்வான்சும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது" என்று நாலு வரி. இந்த நாலு வரி இல்லாததால் நாலு வருஷம் கோர்ட்டுக்கு அலைய நேரும்.

ஏன் தெரியுமா? வாடகை நின்றுபோனால் அது தனிக் காரணம். பாக்கிக்கு 2 மாத நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால் "வேண்டுமென்றே கட்டவில்லை" என்று எடுத்துக்கொள்ள 1960-ம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. 1985-ல் சுந்தரம் பிள்ளை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதை விரிவாகவே அலசியது. சொந்தத் தேவை என்று கேட்டால் ஆட்டம் காணும் வழக்கு, வாடகைப் பாக்கி என்றால் நேராக நிற்கும். இதனால் வாங்க மறுத்தே பாக்கி உண்டாக்கிய வீட்டுக்காரர்களும் உண்டு!

அதற்கும் சட்டம் மருந்து வைத்திருந்தது. வீட்டுக்காரர் வாடகை வாங்க மறுத்தால், எந்தப் பாங்கியில் கட்டுவது என்று எழுதிக் கேட்க வேண்டும். பதில் இல்லையா? மணியார்டர் அனுப்பலாம். மணியார்டர் கமிஷனை வாடகையிலேயே கழித்துக்கொள்ளலாம் என்று சட்டமே எழுதி வைத்தது! அதையும் திருப்பி அனுப்பினால் கண்ட்ரோலரிடம் டெபாசிட் கட்டலாம். தபால்காரர் திருப்பிக் கொண்டுவந்த மணியார்டர் ரசீதுகளைத் தகரப் பெட்டியில் பத்திரமாக அடுக்கி வைத்தவர்தான் கோர்ட்டில் தப்பித்தார்.

இன்னொரு பள்ளமும் உண்டு. கோபத்தில் "நீ யார்யா வீட்டுக்காரன்? எனக்கு வாத்தியார்தான் வீட்டுக்காரர்" என்று நோட்டீசுக்குப் பதில் எழுதிவிட்டால் போச்சு. நியாயமான காரணம் இல்லாமல் வீட்டுக்காரரின் உரிமையை மறுப்பதும் காலி செய்யச் சொல்லப் போதுமான காரணம். வாய்ச் சண்டையில் ஜெயித்து வீட்டைத் தோற்ற கதை அது.

வாங்குபவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிஜிஸ்தர் ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது என்பார்கள். மாத வாடகைக் குடித்தனம் வில்லங்கச் சான்றிதழில் வராது! 11 மாத அக்ரிமெண்டும் வராது. ஆனால் ஒருவர் வீட்டில் குடியிருக்கிறார் என்றால், அவருக்கு என்ன உரிமை என்பது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் கருதும். "புரோக்கர் சொல்லவில்லை" என்பது பதிலாகாது. உள்ளே இருப்பவர் வெறும் வாடகைக்காரரா, போக்கியத்துக்குப் பணம் கொடுத்தவரா, வாத்தியாரிடம் ஏற்கெனவே கிரய அக்ரிமெண்ட் போட்டவரா என்று கதவைத் தட்டிக் கேட்டுவிட வேண்டியதுதான். ஒரு டம்ளர் காபிச் செலவில் தெரியும் விஷயம்.

400 ரூபாய்க் கோடு

கணக்கப்பிள்ளையின் வாடகை 175 ரூபாய். இதுவே 401 ரூபாயாக இருந்தால்? அந்தக் காலத்தில் கதையே வேறு. குடியிருக்கும் வீட்டுக்கு மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுத்தவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பே கிடையாது என்று ஒரு விதிவிலக்கு இருந்தது. பணக்காரருக்கு எதற்குப் பாதுகாப்பு என்ற எண்ணம்.

வாடகை ஏற ஏற, நடுத்தரக் குடும்பங்களும் அந்தக் கோட்டைத் தாண்டின. கடைகளுக்கு அந்த வரம்பு கிடையாது. ஆயிரம் ரூபாய் வாடகை கொடுக்கும் கடைக்காரருக்குப் பாதுகாப்பு உண்டு, 450 ரூபாய் கொடுக்கும் குடும்பஸ்தருக்கு இல்லை! 1986-ல் ரத்தன் ஆர்யா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இது சமத்துவத்துக்கு விரோதம் என்று அந்த விதிவிலக்கையே ரத்து செய்தது. ஒரே தீர்ப்பில் எத்தனையோ வீட்டுக்காரர்கள் கண்ட்ரோலர் முன் போய் நிற்க வேண்டியதாயிற்று.

கடலோரத்தில் வேறு கணக்கு

செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பக்கம் போனால் காற்று மட்டும் மாறவில்லை, சட்டமும் மாறியது.

1960-ம் ஆண்டுச் சட்டம் சென்னை, மதுரை நகரங்களுக்கும் எல்லா நகராட்சிகளுக்கும் தானாகப் பொருந்தியது. செங்கல்பட்டு நகராட்சி ஆகையால் அங்கே சட்டம் இருந்தது. நகராட்சி எல்லைக்கு வெளியே இருந்த ஊர்களுக்கு, அரசு தனியாக அறிவித்தால்தான் உண்டு. அறிவிப்பு இல்லாத கடலோரக் கிராமங்களில் சொத்து மாற்றச் சட்டம்தான் துணை. மாதக் குடித்தனத்தை முடிக்க 15 நாள் நோட்டீஸ். காலி செய்யாவிட்டால் சிவில் கோர்ட்டில் வழக்கு. காரணம் சொல்லத் தேவையில்லை. "எனக்கு வேண்டும்" என்றுகூடச் சொல்ல வேண்டாம்!

1980-களில் கல்பாக்கம் அணுமின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கியது. 1984-ல் மாமல்லபுரத்துச் சிற்பங்கள் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அந்தக் கரையில் வீடு கேட்டு வந்தவர்கள் கூடினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு சொல்லவே வேண்டாம். கூரை வீட்டை ஓட்டு வீடாக்கி, ஓட்டு வீட்டை மாடியாக்கி வாடகைக்கு விட்டவர்கள் பலர். அந்த வீட்டை விற்க நினைத்தால், குடித்தனம் இருப்பது பெரிய பாரமாகத் தெரியவில்லை. வாங்கியவருக்கு 15 நாள் நோட்டீஸ் போதுமே! சுமார் 30 கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே மாதிரி வீட்டில், ஒரே வாடகை கொடுத்த இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்குக் கோட்டைச் சுவர், இன்னொன்றுக்குக் கீற்றுத் தட்டி.

நோட்டீஸ் என்றதும் இன்னொரு பெரிய வழக்கு ஞாபகம் வரும். வாடகைச் சட்டம் உள்ள ஊரிலும் அந்த 15 நாள் நோட்டீஸ் வேண்டுமா, வேண்டாமா என்று வருஷக்கணக்கில் சண்டை. நோட்டீஸ் சரியில்லை என்ற ஒரே காரணத்தால் தோற்ற வீட்டுக்காரர்கள் அநேகம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு – தனக்கே குடியிருக்க வேண்டும் என்று வீட்டுக்கார அம்மாள் போட்ட மனு – சுப்ரீம் கோர்ட்டில் 7 நீதிபதிகள் முன்னால் போய் நின்றது. தனபால் செட்டியார் – யசோதை அம்மாள் வழக்கு. 1979-ல் தீர்ப்பு: வாடகைச் சட்டப்படி வெளியேற்றக் கோரும்போது அந்த நோட்டீஸ் தேவையில்லை! ஒரு குடித்தன வழக்குக்கு 7 நீதிபதிகள். வீட்டு விவகாரம் எவ்வளவு முற்றிப்போயிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஜெயித்தாலும் ஓயாது

குமாஸ்தா முனிசீப்பிடம் ஜெயித்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 15 நாளுக்குள் அப்பீல் வரும். அதற்கு மேல் ஐகோர்ட்டில் ரிவிஷன். அதற்குள் குமாஸ்தாவின் பெண்ணுக்குக் கல்யாணமாகிப் போய்விட்டால், "இடம் போதவில்லை என்றாயே, இப்போது என்ன?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். தகப்பனார் காலமாகிவிட்டால் மாடிப்படிக் கஷ்டமும் போயிற்று. வழக்கு நடக்கும் காலத்திலேயே வழக்கின் காரணம் கரைந்துவிடும்!

கடைசியில் உத்தரவு கிடைத்தாலும், காலி செய்ய அவகாசம் உண்டு. சொந்தத் தேவை வழக்கில் எல்லாம் சேர்த்து 3 மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. வீட்டுக்காரருக்கும் ஒரு கடிவாளம் போட்டிருந்தார்கள். காலியான 1 மாதத்துக்குள் அவர் குடியேற வேண்டும். குடியேறி 6 மாதத்துக்குள் தகுந்த காரணமில்லாமல் விட்டுப் போகக் கூடாது. போனால், வெளியேற்றப்பட்டவர் திரும்ப வந்து "என் வீட்டைக் கொடு" என்று கேட்கலாம்!

இன்னொரு வினோதம். அரசு அத்தியாவசிய சேவை என்று அறிவித்த வேலையில் குடித்தனக்காரர் இருந்தால், சொந்தத் தேவை என்று சொல்லி அவரை வெளியேற்ற முடியாது – வீட்டுக்காரரும் அப்படிப்பட்ட வேலையில் இருந்தால் ஒழிய.

இத்தனையும் பார்த்த பிறகு, புத்திசாலிகள் கோர்ட்டுக்கு வெளியே பேசினார்கள். பெரும்பாலும் மூன்று வழி. முதலாவது, விற்பதற்கு முன்னால் குடித்தனக்காரரிடமே "நீயே வாங்கிக்கோயேன்" என்று கேட்பது. அவரைக் காலி செய்ய வேண்டியதில்லை, அவரிடம் மட்டும் அது முழு வீடு. இரண்டாவது, கிரய அக்ரிமெண்டிலேயே காலி சுவாதீனம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி, அதுவரை ஒரு தொகையைப் பிடித்து வைப்பது. அப்போது குடித்தனக்காரரைச் சமாதானப்படுத்தும் வேலை விற்பவர் தலையில் விழும். அவருக்குத்தான் 14 வருஷப் பழக்கம். மூன்றாவது, அட்வான்சைத் திருப்பிக் கொடுத்து, கடைசி சில மாத வாடகையை விட்டுக்கொடுத்து, வண்டிச் சத்தத்தோடு கையில் கொஞ்சம் பணமும் வைத்து அனுப்புவது.

மூன்றாவது வழியைப் பற்றி முணுமுணுப்பு உண்டு. "வாடகைக்கு இருந்தவனுக்கு நான் எதுக்குய்யா காசு கொடுக்கணும்?" என்பார் வாங்கியவர். ஆள் உள்ள வீடு என்பதற்காக விலையில் அவர் குறைத்து வாங்கிய தொகையை அப்போது மறந்துவிடுவார். அந்தக் குறைப்பு யாருடைய இருப்பால் கிடைத்ததோ, அவரிடம் அதில் ஒரு பங்கு போவதில் அநியாயம் ஒன்றும் இல்லை. பம்பாயில் பகடி என்று இதே மாதிரிப் பணம் பகிரங்கமாகவே நடமாடியது. மகாராஷ்டிரத்தின் 1999-ம் ஆண்டுச் சட்டம் அதை ஒப்புக்கொண்டே விட்டது.

இப்போது என்ன நிலை?

1960-ம் ஆண்டுச் சட்டம் இன்று கிடையாது. 2017-ல் தமிழ்நாடு புதுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் என்று நீளமான பெயர். 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தது. அதே வருஷம் நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகவும் ஆனது.

புதுச் சட்டத்தின் ஆணிவேர் எழுத்து. வாய்ப்பேச்சுக் குடித்தனத்துக்கு அதில் மரியாதை இல்லை. வாடகை ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிந்து, பதிவு எண் வாங்க வேண்டும். எழுத்து ஒப்பந்தம் போடத் தவறியதே வீட்டைத் திரும்பக் கேட்க ஒரு காரணமாகிவிட்டது. நியாய வாடகை நிர்ணயம் என்ற பழைய ஏற்பாடு போய், ஒப்பந்தத்தில் பேசிய வாடகைதான் வாடகை என்று ஆனது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. பழைய சட்டத்தில் இது 1 மாதம். ஆனால் 10 மாத அட்வான்ஸ் வாங்காத வீட்டுக்காரரை அன்றும் யாரும் பார்த்ததில்லை.

இன்று ஆள் உள்ள மாடி வீட்டுக்கு விலை பேசும் குமாஸ்தா முதலில் கேட்க வேண்டியது அந்த ஒப்பந்தத்தையும் அதன் பதிவு எண்ணையும். எந்தத் தேதியில் முடிகிறது, அட்வான்ஸ் எவ்வளவு, அது யார் கையில் இருக்கிறது – இந்த மூன்றும் கிரயப் பத்திரத்தில் ஏற வேண்டும். கீழ் வீட்டில் இருப்பவரும் தன் பிரதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் மாறும் நாளில் அந்தக் காகிதம்தான் அவருக்காகப் பேசும்.

ஆனால் 2019-க்கு முன்பே மனு போட்டவர்களுக்குப் புதுச் சட்டம் பொருந்தாது. அந்த வழக்குகளைப் பழைய சட்டப்படியே நடத்தி முடிக்க வேண்டும் என்று புதுச் சட்டமே சொல்லிவிட்டது. அதே கூடுதல் இடம், அதே தராசு, ஒரு தட்டில் மாடிப்படி, இன்னொரு தட்டில் வேறு வீடு கிடைக்காத கஷ்டம்.